எச்1 நோட்டு

எங்கள் கடையில் கல்லாவுக்குக் கீழே ஒரு நீளமான நோட்டு இருக்கிறது. மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அதே மாதிரி கெட்டி அட்டை போட்ட நோட்டு. பக்கம் பக்கமாகக் கோடு போட்டு வைத்திருப்போம்: தேதி, நோயாளியின் பெயர், சீட்டு எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, மருந்து, எத்தனை மாத்திரை. டாக்டர் சீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய, தனியாகக் கணக்கு வைக்க வேண்டிய மருந்துகளுக்கு ஷெட்யூல் எச்1 என்று அரசுப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இருக்கும் எந்த மருந்தைக் கொடுத்தாலும் இந்த நோட்டில் எழுத வேண்டும். எழுதியதை மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச் 1 முதல் இது சட்டம். அப்போது பட்டியலில் 46 மருந்துகள். நிறைய ஆன்டிபயாடிக், காசநோய் மருந்துகள். அவற்றோடு அல்பிரசோலம், கோடீன், டிரமடால், பெண்டசோசின் என்று ஆளைப் பிடித்துக்கொண்டு விடாத மருந்துகளும்.

பல கடைகளில் இந்த நோட்டை மாதக் கடைசியில் உட்கார்ந்து பில் புத்தகத்தைப் பார்த்து மொத்தமாக எழுதுவார்கள். நான் அப்படிச் செய்ததில்லை. டி.பார்ம் என்ற பார்மசிஸ்ட் படிப்பு முடித்துத் திருச்சி புத்தூர் பக்கம் மருந்துக்கடையில் நிற்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நோட்டு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு மருந்தையும் கொடுத்த கையோடு எழுதியிருக்கிறேன். டிரக் இன்ஸ்பெக்டர் வந்து புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ரெஜிஸ்டர் மாதிரி எல்லாரும் வெச்சிருந்தா நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

அந்த நோட்டில்தான் ஒருவருடைய பெயரை 31 முறை எழுதியிருந்தேன்.

2017இல் நடந்தது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். வெங்காய லாரியிலிருந்து இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு டாக்டர் டிரமடால் 50 மி.கி. கேப்ஸ்யூல் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அபினி வகை வலி மருந்து அது. ஐந்து நாள் கழித்து அதே சீட்டோடு வந்தார். "வலி இன்னும் விடலம்மா, ஒரு அட்டை குடுங்க." கொடுத்தேன். அடுத்த வாரமும் வந்தார். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து வைத்து, மடிப்பு கிழிந்து, பின்னால் செல்லோ டேப் ஒட்டியிருந்தார். டாக்டர் குறிப்பிட்டு எழுதினால் ஒழிய ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து கொடுக்க வேண்டும். கொடுத்ததும் கடைப் பெயரும் தேதியும் சீட்டிலேயே குறிக்க வேண்டும். மருந்துச் சட்ட விதி 65இல் இருக்கிறது, படிப்பில் மனப்பாடம் செய்தது. ஆனால் கடையில் யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை, நானும் செய்யவில்லை. நோட்டில் எழுதினேன், அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்தேன்.

நல்ல மனிதர். சில்லறை சரியாக எடுத்து வருவார், "வர்றேன்மா" என்று சொல்லாமல் போக மாட்டார். போதை என்றதும் நம் மனசில் ஒரு முகம் வருமே, அவருக்கு அந்த முகம் இல்லை.

ஒரு நாள் மார்க்கெட்டில் மூட்டையோடு விழுந்தார். வலிப்பு. பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, அவருக்கு வலிப்பு நோயே கிடையாதே என்று டாக்டர்கள் குடைந்து கேட்டபோது மாத்திரை விஷயம் வெளியே வந்தது. டிரமடால் அளவு மீறினால் வலிப்பு வரும். ஒரு நாளைக்கு 400 மி.கி.க்கு மேல் போகக்கூடாது, அதாவது எட்டு கேப்ஸ்யூல். அவர் பத்து, பன்னிரண்டு போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கவுண்டரில் கொட்டினார். காலி அட்டைகள், கசங்கிய கவர்கள், பில்கள். எங்கள் கடைக் கவர் இருந்தது. இன்னும் நான்கு கடைகளின் கவர்களும் இருந்தன, எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள். ஐந்து கடையிலும் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ அட்டை. எந்தக் கடை நோட்டைப் பார்த்தாலும் இடுப்பு வலிக்காரர் ஒருவர் வாரா வாரம் மருந்து வாங்குகிறார் என்றுதான் தெரியும்.

அந்த அம்மா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "நீங்க ஒவ்வொரு தடவையும் பேரு எழுதி எழுதித்தானே குடுத்தீங்க? கவர்மென்ட்டுக்குத் தெரிஞ்சுதான் குடுக்குறாங்கன்னு நெனச்சோம்" என்றார்.

நோட்டில் எழுதினால் யாரோ படிக்கிறார்கள் என்று அவர்கள் நம்பியிருக்கிறார்கள். எழுதிய நானே படிக்கவில்லை.

இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறது. ஒரு ஞாயிறு எங்கள் கடை அடைப்பு. திங்கட்கிழமை காலையில் ஷட்டர் தூக்கும்போதே நின்றுகொண்டிருந்தார். வைகாசி வெயில், ஆனால் கையில் புல்லரித்திருந்தது. மூக்கு ஒழுகியது, கொட்டாவி மேல் கொட்டாவி. "சளி பிடிச்சிருச்சும்மா" என்றார். ஒரு செட்ரிசைன் அட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். புல்லரிப்பு, கொட்டாவி, மூக்கொழுகல், கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு. அபினி வகை மருந்து உடம்பில் குறையும்போது வருவது இதுதான். புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். எதிரே வந்து நின்றபோது சளி மாத்திரை கொடுத்தேன்.

அடுத்த வருஷம், 2018 ஏப்ரலில், டிரமடாலை மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பல கடைகளில் அதோடு டிரமடால் வாங்கி வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். அந்த அறிவிப்பில் டேபெண்டடால் இல்லை. டேபெண்டடாலும் டிரமடாலுக்கு அண்ணன் தம்பி மாதிரித்தான், மூளையில் அபினி போய் உட்காரும் அதே இடத்தில் உட்காரும். நம் நாட்டில் 2011 வாக்கில் வந்த மருந்து, ஆபரேஷனுக்கு அப்புறம் வரும் வலிக்கு, நரம்பு வலிக்கு எழுதுகிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் ஒரு கதவை மூடினால் கூட்டம் பக்கத்துக் கதவுக்குப் போகும். சென்னையில் ஆரம்பித்து ஒவ்வொரு மாவட்டமாக, வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றிய செய்தி வராத மாதமில்லை. போலீஸ் பிடிப்பதில் பெரும்பகுதி வெளிமாநிலத்திலிருந்து கூரியரிலும் ரயிலிலும் வருவது. அதனால் எங்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். கடை மூலமாகவும் போகிறது.

மாத்திரையில் இருப்பது மருந்து மட்டும் கிடையாது என்பது அந்தப் பையன்களுக்குத் தெரியாது. மாத்திரை உருவத்துக்கு வர, உதிராமல் இருக்க, டால்க், செல்லுலோஸ் என்று பலதும் சேர்க்கிறார்கள். வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. ரத்தக் குழாய்க்குள் போனால் கரையாது, போய் அடைத்துக்கொள்ளும், நுரையீரல் வரைக்கும் போகும். போட்ட இடம் சீழ் பிடிக்கும். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும். இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் வந்து சொல்ல எங்களில் ஒருவரைக் கூப்பிடலாம். இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டால் போவேன்.

நாடு முழுவதும் எவ்வளவு என்று கேட்டால், மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பு இருக்கிறது. அபினி வகையைப் பயன்படுத்துகிறவர்கள் 2.1 சதவீதம், அதாவது இரண்டே கால் கோடிப் பேர். அதில் ஹெராயினுக்கு அடுத்தபடியாக நிற்பவை வலி மாத்திரை, இருமல் சிரப் மாதிரியான மருந்துகள்தான், 0.96 சதவீதம். பச்சை அபினியைவிட இது அதிகம். ஹெராயின் எங்கோ எல்லை தாண்டி வருகிறது என்று சொல்லலாம். இந்த 0.96 என் மேஜை மேல் இருக்கிற மருந்து.

அமெரிக்காவில் நடந்ததைப் படித்தபோதும் எனக்கு அந்த 31 வரிதான் ஞாபகம் வந்தது. மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்று ஒரு ஊர், சுமார் 400 பேர். அங்கே ஒரே ஒரு மருந்துக்கடைக்கு இரண்டே வருஷத்தில் ஏறத்தாழ 90 லட்சம் ஹைட்ரோகோடோன் மாத்திரை, அதுவும் அபினி வகை வலி மாத்திரைதான், போயிருக்கிறது. திருட்டுத்தனமாகப் போகவில்லை. எல்லாம் பில் போட்டு, கணக்கில் ஏறி, மத்தியப் போதைத் தடுப்புத் துறையின் கணினியில் ஒவ்வொரு மாத்திரையும் பதிவாகித்தான் போயிருக்கிறது. பத்திரிகைகள் கோர்ட்டுக்குப் போய்ப் போராடி 2019இல்தான் அந்தப் பதிவு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அவர்களும் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. டாக்டர் சீட்டு எழுதிவிட்டார் என்பதற்காக மருந்து கொடுக்கிறவர் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்தச் சீட்டு நியாயமான மருத்துவக் காரணத்துக்காக எழுதப்பட்டதா என்று பார்க்கும் பொறுப்பு பார்மசிஸ்டுக்கும் உண்டு. ஒஹாயோ மாநிலத்தில் இரண்டு கவுன்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) மூன்று பெரிய மருந்துக்கடைக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டு, 2021 நவம்பரில் ஜூரி கம்பெனிகளைப் பொறுப்பாக்கியது. அடுத்த வருஷம் 65 கோடி டாலர் கட்டச் சொன்னார் நீதிபதி. அப்புறம் 2024 டிசம்பரில், ஒஹாயோ சட்டப்படி அந்த வகை வழக்கே செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் வருகிறதோ இல்லையோ, கவுண்டரில் நிற்கிறவரிடம் கேள்வி கேட்கும் நேரத்தைக் கம்பெனி பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பது அந்த வழக்கில் ஊரறியப் பேசப்பட்டது.

நேரம்தான் எங்களுக்கும் பிரச்சினை. மாலை ஆறரைக்கு எங்கள் கடையில் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். அதில் ஒருவரிடம் "எதுக்கும்மா இந்த மாத்திரை, எத்தனை நாளா சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் பின்னால் நிற்கிறவர் உச்சுக் கொட்டுவார்.

ஆனால் அதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களே கோபப்படுவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். சுவரில் பார்மசிஸ்ட் சான்றிதழ் தொங்கும், பார்மசிஸ்ட் இருக்க மாட்டார். 1948 மருந்தியல் சட்டத்தின் 42ஆவது பிரிவு, பதிவு பெற்ற பார்மசிஸ்ட் மட்டும்தான் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாம் என்கிறது. நடப்பில் சான்றிதழுக்கு மாத வாடகை. என் மகள் பிறந்து நான் வீட்டில் இருந்தபோது ஒரு கடைக்காரர் தேடி வந்தார். "நீங்க வரவே வேணாம்மா, சர்டிபிகேட்ட மட்டும் குடுங்க, மாசம் பொறந்தா பணம் வீட்டுக்கு வந்துடும்." பணத் தேவை இருந்த நேரம். ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. கொடுக்கவில்லை. என்னோடு படித்தவர்களில் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடைகளில் பன்னிரண்டாவது முடித்த பையன் அட்டையைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருப்பான். அவனைத் திட்டி என்ன பயன்? எதிரே நிற்கிறவரின் கொட்டாவியையும் புல்லரிப்பையும் பற்றி அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது இதைவிட வலிக்கும்.

போன வருஷம் ஒரு அம்மா வந்தார். கணவருக்கு வாய்ப் புற்றுநோய், தாடை வரைக்கும் பரவிவிட்டது. கையில் மார்பின் மாத்திரைக்குச் சீட்டு. அபினியிலிருந்து எடுக்கிற, கடும் வலிக்கான மருந்து. பாலிதீன் கவருக்குள் சீட்டு, ஸ்கேன், ஆதார் நகல் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார், கேட்டால் காட்டலாம் என்று. எங்கள் கடைக்கு முன்னால் நான்கு கடை ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு கடையில் "அதெல்லாம் இங்க விக்கிறதில்ல, போலீஸ் கேஸ் ஆயிரும்" என்று சொல்லி, மேலும் கீழுமாகப் பார்த்திருக்கிறார்கள். "என்னையப் பாத்தா எப்படித் தெரியுது அக்கா?" என்று கேட்டு அழுதுவிட்டார். எங்களிடமும் மார்பின் கிடையாது. சாதாரணக் கடையில் வைக்கிற மருந்து இல்லை அது. ஆனால் எங்கே கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது என் வேலைதானே? அரசு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவுக்குப் போன் போட்டுக் கேட்டு, எந்த நாள், எந்தக் கட்டடம் என்று எழுதிக் கொடுத்தேன். வலி வந்தபிறகு போடக்கூடாது, மணி பார்த்து வேளாவேளைக்குக் கொடுக்கணும், மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளிலேயே கேட்டு வாங்குங்கள் என்று சொன்னேன். ஸ்டூலில் உட்காரவைத்து இரண்டு முறை சொன்னேன்.

மத்தியப் பிரதேசத்து நீமச்சிலும், உத்தரப் பிரதேசத்து காசிப்பூரிலும் அரசாங்கமே அபினி ஆலை நடத்துகிறது. உலகத்துக்கு மருந்துக்கான அபினி விளைவிக்கும் நாடு. அப்படியிருந்தும் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கு அப்புறம் பயத்தில் டாக்டர்களும் கடைகளும் கைவிட்டதில் நம் புற்றுநோயாளிகள் மார்பின் இல்லாமல் துடித்துச் செத்தார்கள். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்காக மன்றாடியபின், 2014இல் சட்டத்தைத் திருத்தி மார்பின், ஃபெண்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று வகைப்படுத்தி வழி விட்டார்கள். சட்டம் திருந்திவிட்டது, கவுண்டரில் நிற்கிறவரின் பயம் இன்னும் போகவில்லை. கேட்காமல் கொடுத்து மூட்டை தூக்குகிறவரைக் கெடுத்ததும், கேட்காமல் விரட்டி அந்த அம்மாவை அழவிட்டதும் எனக்கு ஒரே தப்பாகத்தான் தெரிகிறது.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் 2020 ஏப்ரலிலிருந்து டாக்டரும் பார்மசிஸ்டும் இந்த வகை மருந்துகளை எழுதுவதற்கும் கொடுப்பதற்கும் முன்னால் கணினியில் பார்த்தே ஆக வேண்டும். அந்த நோயாளி வேறு எங்கெல்லாம் வாங்கியிருக்கிறார் என்று உடனே தெரியும். நம் ஐந்து கடைகளின் ஐந்து நோட்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்கிற மாதிரி. அமெரிக்காவில் 2023 மார்ச்சிலிருந்து, அளவு மீறி மூச்சு நிற்கப் போகிறவரைப் பிழைக்க வைக்கும் நலாக்சோன் மூக்கு ஸ்பிரே சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்க வழி செய்திருக்கிறார்கள். நமக்கு நலாக்சோன் என்றால் பெரும்பாலும் ஆஸ்பத்திரி ஊசிதான். இரண்டுமே இங்கேயும் வர வேண்டும்.

வருகிறவரைக்கும் நான் செய்வது இவ்வளவுதான். சனிக்கிழமை ராத்திரி கடை அடைத்தபின் அந்த வாரத்து நோட்டைப் படிக்கிறேன். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பென்சிலால் அடிக்கோடு. அடுத்த முறை அவர் வரும்போது கூட்டம் இல்லாத பக்கமாகக் கூப்பிட்டு, வலி எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்பேன், மாத்திரையைப் பற்றி அப்புறம். சீட்டில் கடை முத்திரையும் தேதியும் போடாமல் கொடுப்பதில்லை. சந்தேகம் என்றால் டாக்டருக்குப் போன் செய்வேன். திட்டிய டாக்டரும் உண்டு, நன்றி சொன்ன டாக்டரும் உண்டு. இந்த மாத்திரையோடு குடிக்கக்கூடாது, தூக்க மாத்திரை சேர்க்கக்கூடாது, சேர்த்தால் தூக்கத்திலேயே மூச்சு நிற்கும் என்பதை நேராகச் சொல்லிவிடுவேன். மிச்சமான மாத்திரையை வீட்டில் வைக்காதீர்கள், கொண்டுவந்து கொடுங்கள் என்பேன். பக்கத்துக் கடைகளின் பார்மசிஸ்டுகள் நான்கு பேரும் நானும் போனில் பேசிக்கொள்கிறோம். நோயாளி பெயர் சொல்ல மாட்டோம். போலிச் சீட்டு எதுவும் சுற்றுகிறதா என்பது மட்டும்.

அப்படித்தான் ஒரு பையன் திருத்திய சீட்டோடு வந்தபோது எனக்குத் தெரிந்தது. பத்தொன்பது, இருபது வயது. டேபெண்டடால் 100, சீட்டில் 10 என்பதை வேறு பேனாவால் 40 ஆக்கியிருந்தான். கூடவே இரண்டு சிரிஞ்சும் சலைன் பாட்டிலும் கேட்டான். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தர்றேன் தம்பி, உக்காரு" என்று போனை எடுத்ததும் சீட்டை விட்டுவிட்டே போய்விட்டான். நான் வேறு மாதிரி ஆரம்பித்திருக்கலாம். போனைக் கையில் எடுக்காமல் பேசியிருந்தால் இரண்டு நிமிஷம் நின்றிருப்பான்.

ஒன்றரை மாதம் கழித்து மதிய நேரத்தில் மறுபடி வந்தான், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு. "கை வீங்கியிருக்கு அக்கா, ஆன்டிபயாடிக் குடுங்க." சட்டைக் கையை ஏற்றச் சொன்னேன். முழங்கை மடிப்பில் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிவந்து பளபளவென்று நின்றது. காய்ச்சல் அடித்தது. என்ன என்று இருவருக்கும் தெரியும், அதனால் நான் கேட்கவில்லை. "இது மாத்திரைல போகாது தம்பி, கீறித்தான் எடுக்கணும்" என்றேன்.

"போலீஸ்ல சொல்லுவாங்களா?"

"கைய பாக்குறதுக்குத்தான் போறோம்."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவனோடு நடந்தேன். பெரியாஸ்பத்திரி எங்கள் கடையிலிருந்து ஐந்து நிமிஷம். சீட்டுப் போடும் இடத்தில் கூட வந்தவர் யார், என்ன உறவு என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் பார்மசிஸ்ட் என்று சொன்னேன். எழுதுகிறவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

கையைக் கீறிக் கட்டியபின் அங்கேயே மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும் பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தேன், ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு கேட்கும்போது யாரிடமாவது பேச வேண்டியிருக்கும் என்று. மூன்று வாரம் ஒழுங்காகப் போனான். நாலாவது வாரம் போகவில்லை. அம்மா பிரஷர் மாத்திரை வாங்க எங்கள் கடைக்குத்தான் வருகிறார், அவர் சொல்லித் தெரியும். அவருக்கு முழுசாகத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது, நானாகச் சொல்லவும் இல்லை. ஆறாவது வாரம் அவனே கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், "இன்னிக்குப் போறேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த வியாழக்கிழமையும் போக வேண்டும்.